மொழி கற்ற மறைப்பணியாளர் – அண்ட்ரிக் அடிகளாரின் தொடக்க நாள்கள்



அக்டோபர் மாதம் வந்தால் மறைபரப்பு ஞாயிறை நினைக்கிறோம். அன்று காணிக்கை எடுக்கிறோம், மறைப்பணியாளர்களுக்காகச் செபிக்கிறோம். அவர்கள் கடல் கடந்து சென்றதையும், திருமுழுக்குக் கொடுத்ததையும், மறைசாட்சியாக மரித்ததையும் நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து இறங்கிய முதல் ஓரிரு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. வாய் திறந்தால் ஊரார் சிரிப்பார்கள். ஊரார் பேசினால் இவருக்குப் புரியாது. குருப்பட்டம் பெற்றவர் மீண்டும் குழந்தையாகி, 'அ, ஆ' என்று தொடங்க வேண்டும். அந்த நாள்களைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

அண்மை ஆண்டுகளில் நம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சனவரி மாதம் நடக்கும் புத்தகக் காட்சிக்கு நாம் குடும்பத்தோடு செல்கிறோம். இலட்சக்கணக்கான தமிழ் நூல்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அச்சிட்ட தமிழ் நூல்களின் வரிசையில் முன்னால் நிற்பது 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கச் சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதைத் தந்தவர், தமிழில் ஒரு சொல்லும் அறியாமல் இங்கு வந்த போர்த்துக்கீசிய இளைஞர் ஒருவர். ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் என்பது அவர் பெயர். நம் மக்கள் அவரை அண்ட்ரிக் அடிகளார் என்று அழைத்தனர்.

கதவுகள் மூடப்பட்டவர்

அண்ட்ரிக் 1520ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூத மறையிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள். அக்காலப் போர்த்துக்கல்லில் அத்தகைய குடும்பங்களைப் 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்று பிரித்து வைத்தார்கள். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த அண்ட்ரிக், தம் பிறப்பின் காரணமாகவே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர் கொயிம்பிரா நகரில் படித்து, 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே கோவாவுக்குக் கப்பலேறினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தேழு.

குலத்தையும் பிறப்பையும் பார்த்து மனிதரை ஒதுக்கும் பழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கு நாம் கவனிக்க வேண்டும். ஒரு வாசலில் தள்ளப்பட்டவரை இறைவன் வேறொரு வாசல் வழியாகப் புன்னைக்காயலுக்கு அழைத்து வந்தார்.

'வேணும்' என்ற ஒரு சொல்

அண்ட்ரிக் வந்தபோது முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றுப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1535 முதல் 1537 வரை அவர்கள் ஊர் ஊராகத் திருச்சபையில் சேர்ந்தனர். ஆனால் அவர்களுக்கு மறை கற்பிக்க அவர்கள் மொழி அறிந்த குருக்கள் இல்லை. 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்கும் இதுவே பெருந்துன்பம். தம் தாய்மொழி பாஸ்கு, மக்களின் மொழியோ வேறு, அதனால் அவர்கள் சொல்வது தமக்கும் தாம் சொல்வது அவர்களுக்கும் விளங்கவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதினார். இரு மொழியும் அறிந்தவர்களைத் தூத்துக்குடியில் கூட்டி, செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடமாக ஒப்புவித்தார். கையில் மணியோடு தெருத் தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வைத்துவிட்டார்கள். பிழையை அறிந்த சவேரியார், தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு 1544இல் எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்பது விரும்புவதைக் குறிக்கும் சொல், அதை நீக்கி 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடும்படி அறிவுறுத்தினார். அதுவரை அச்சிற்றூர்களில் மக்கள் 'எனக்கு வேணும், எனக்கு வேணும்' என்று சொல்லித்தான் நம்பிக்கை அறிக்கை செய்திருப்பார்கள். ஆண்டவர் அதையும் ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் மேய்ப்பனின் கடமை வேறு. தான் ஊட்டும் உணவு எது என்று மேய்ப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சவேரியார் ஓரிடத்தில் தங்கக்கூடியவர் அல்லர். 1545இல் நம் மயிலாப்பூருக்கு வந்து, புனித தோமையாரின் கல்லறை அருகே சில மாதங்கள் செபத்தில் கழித்து, மலாக்கா நோக்கிப் புறப்பட்டார். தங்கியிருந்து மொழியைக் கற்கும் பணி அண்ட்ரிக் அடிகளாரின் தோளில் விழுந்தது.

துபாசியை விட்டு நீங்கிய நாள்

அக்காலத்தில் ஐரோப்பியர் அனைவரும் துபாசிகளை நம்பியே வாழ்ந்தனர். வணிகத்திற்கு அது போதும். ஒப்புரவு அருட்சாதனத்திற்குப் போதுமா? ஒரு மீனவத் தாய் தன் மனத்தின் சுமையைக் குருவிடம் இறக்கி வைக்க வரும்போது, நடுவே உள்ளூர்க்காரர் ஒருவர் நின்று கேட்டால் அவர் எப்படிப் பேசுவார்? மறையுரை தவறினால் மறுநாள் திருத்தலாம். பாவ அறிக்கையைத் துபாசியின் காதில் போட்டபின் திரும்பப் பெற முடியாது.

அண்ட்ரிக் முதலில் தடுமாறினார். கற்றதெல்லாம் மறந்துபோயிற்று. மொழியை ஒருமுறை கைவிட்டு மீண்டும் எடுத்தார். அவருக்கு உதவ இலக்கண நூலோ அகராதியோ போர்த்துக்கீசிய மொழியில் இல்லை. ஆகவே தாமே ஒரு வழி வகுத்தார். தாம் படித்திருந்த இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் தமிழை வைத்துப் பார்த்தார். பெயர்ச்சொல் எந்தெந்த வேற்றுமையில் எப்படி மாறுகிறது? வினைச்சொல் நேற்றுக்கும் இன்றைக்கும் நாளைக்கும் எப்படித் திரிகிறது? வாக்கியத்தில் எது முன்னே, எது பின்னே? மக்கள் பேசுவதைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். இரவும் பகலும் உழைத்து, சில மாதங்களில் துபாசியின் துணையின்றிப் பேசும் நிலைக்கு வந்தார். 1548ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வேம்பாரிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முயற்சியை விவரித்துள்ளார்.

அவர் தொகுத்த இலக்கணக் குறிப்புகள் 'மலபார் மொழிக் கலை' என்ற பொருள்படும் போர்த்துக்கீசியத் தலைப்பில் கையெழுத்துப் படியாக லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளன. தமிழைத்தான் போர்த்துக்கீசியர் 'மலபார்' என்றனர். அந்தப் படி 1982இல் பதிப்பிக்கப்பட்டது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. அதில் காணப்படுவது புலவர்களின் செந்தமிழ் அன்று, கடற்கரையில் வலை இழுத்தவர்களும் முத்துக் குளித்தவர்களும் பேசிய தமிழ். அண்ட்ரிக் அடிகளார் அதை எழுதி வைத்ததால், பதினாறாம் நூற்றாண்டின் பேச்சுத்தமிழை இன்றைய மொழியியல் ஆய்வாளர்கள் அறிய முடிகிறது.

1549 சனவரியில் சவேரியார் இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது அண்ட்ரிக்கைப் பாராட்டினார். மொழி அறிந்ததால் இவர் ஒருவரே இருவர் செய்யும் பணியைச் செய்கிறார், மக்கள் தங்கள் மொழியிலேயே பேசும் அவரை மிகவும் நேசிக்கிறார்கள் என்பது அதன் கருத்து. அதே 1549இல் மறைத்தள அதிபராக இருந்த அந்தோனி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அண்ட்ரிக். தம் உடன்பணியாளர்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், மீறினால் தவமுயற்சி செய்ய வேண்டும் என்ற ஒழுங்கும் அங்கே இருந்தது. மொழிப் பயிற்சி அவர்களுக்கு நோன்பைப் போன்ற ஒரு தவமாகவே இருந்தது.

எழுத்தாக மாறிய தமிழ்

1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய நூல் ஒன்று அச்சானது. ஆனால் அதில் தமிழ் ஒலிகள் உரோமை எழுத்துகளில் இருந்தன. தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்ற முயற்சி 1578இல் கனிந்தது. பரதவ மக்கள் தங்கள் உழைப்பின் பொருளைக் கொடுத்து உதவினர். 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்த மறு ஆண்டு, 1579இல், கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சானது. அதன்பின் ஒப்புரவு அருட்சாதனத்திற்கான கையேடும், 1586இல் புனிதர்களின் வரலாற்றைக் கூறும் 'அடியார் வரலாறு' என்ற பெருநூலும் வந்தன. அடிகளார் 1600இல் இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கடற்கரையிலேயே வாழ்ந்தார்.

அவர் இட்ட பாதையில் 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழோடு வடமொழியும் கற்றார். முதுமையில் பார்வை மங்கிய நிலையில் நம் மயிலாப்பூருக்கு வந்து, 1656இல் இங்கேயே இறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தந்தார். இவர்கள் எல்லாரும் ஒருநாள் 'இது என்ன?' என்று விரல் நீட்டிக் கேட்டுத் தொடங்கியவர்களே.

பல்லவ எழுத்தும் கெமர் மொழியும்

இது பழங்கதை மட்டும் அன்று. இன்று கம்போடியாவுக்குச் செல்லும் இளம் மறைப்பணியாளரும் முதலில் கெமர் மொழி வகுப்பில்தான் உட்காருகிறார். நம் தமிழர் ஒருவர் அங்குச் சென்றால் அவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். கெமர் எழுத்து, தென்னாட்டுப் பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது. காலம் குறித்த மிகப் பழைய கெமர் கல்வெட்டு கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எழுத்து உறவானாலும் மொழி உறவன்று. தமிழில் 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் ஆளும் காலமும் அடங்கிவிடும். கெமர் மொழியில் வினைச்சொல் அப்படித் திரிவதில்லை. சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதும் வழக்கமும் இல்லை.

பிரான்சுவா போன்ஷோ என்ற பிரெஞ்சு மறைப்பணியாளர் 1965இல் கம்போடியா சென்று கெமர் மொழியை ஆழமாகக் கற்றார். 1975இல் கெமர் ரூஜ் படையினர் நோம் பென் நகரைக் கைப்பற்றி வெளிநாட்டவரை வெளியேற்றியபோது அவரும் வெளியேறினார். அகதிகள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே கேட்டார். ஆட்சியாளரின் வானொலி அறிவிப்புகளை உற்றுக் கேட்டார். இரண்டையும் ஒப்பிட்டு, அங்கே மக்கள் அழிக்கப்படுவதை 1977இல் நூலாக எழுதி உலகிற்கு அறிவித்தார். கெமர் மொழி விவிலிய மொழிபெயர்ப்பிலும் பணியாற்றினார். 2025இல் இறந்தார். மறைக்கல்வி கற்பிக்கக் கற்ற மொழி, துன்புறும் மக்களுக்குச் சாட்சி சொல்லவும் பயன்பட்டது.

நமக்கு ஒரு பாடம்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நற்செய்திப் பணி விதித்தொகுப்பு, மறைப்பணியாளர் தாம் செல்லும் மக்களின் மொழியைத் தடையின்றிப் பேசுமளவு கற்க வேண்டும் என்று கேட்கிறது. இதைக் குருமடத்தில் படித்துத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நாம் தவறிய நாள் ஒன்று உண்டு. மாலைத் திருப்பலி முடிந்து விளக்குகளை அணைக்கும் வேளையில், கட்டுமானப் பணிக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் ஒப்புரவு அருட்சாதனம் பெறக் காத்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இந்தியில் பத்துச் சொற்கள் தெரியும். "அடுத்த ஞாயிறு வாருங்கள், இந்தி தெரிந்த சாமியார் வருவார்" என்று கையசைத்து அனுப்பிவிட்டோம். அடுத்த ஞாயிறு சாமியார் வந்தார், அந்த இளைஞர் வரவில்லை. வேலை வேறு இடத்திற்கு மாறியிருக்கலாம்.

விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவ அறிக்கை செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 990 கூறுகிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்று சட்டம் 983 கூறுகிறது. மொழியே பொதுவாக இல்லாதபோது, மனத்துயரை அடையாளத்தால் காட்டுபவருக்கும் பாவமன்னிப்பு அளிக்கலாம் என்பது நாம் கற்ற அறநெறி இறையியல். இவையெல்லாம் தெரிந்திருந்தும் அன்று நினைவுக்கு வரவில்லை. அவர் தம் மொழியிலேயே சொல்லட்டும், நாம் தலை குனிந்து கேட்போம் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அந்த முகம் இன்றும் நம் மனத்தில் இருக்கிறது. அதன்பின்தான் இந்தியில் பாவமன்னிப்பு மன்றாட்டைக் கற்றுக்கொண்டோம்.

அண்ட்ரிக் அடிகளார் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்து மொழி கற்றார். இன்று பல மொழிகள் நம் வாசலுக்கே வந்திருக்கின்றன. நந்தனத்திலும் சைதாப்பேட்டையிலும் நம் தெருவில் கட்டடம் எழுப்புபவர், உணவகத்தில் பரிமாறுபவர், மருத்துவமனையில் நோயாளியைத் தூக்குபவர் என எத்தனையோ பேர் வேற்று மொழியினர். திருப்பலியில் கடைசி இருக்கையில் அமர்ந்து, பாடல் புரியாமல் சிலுவை அடையாளம் மட்டும் வரைந்துவிட்டுப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஆவியார் தம் கொடையைக் கேட்பவரின் மொழியிலேயே அருளினார்.

சிந்தனைக்கு:

1. நம் தெருவில் அல்லது நம் பணியிடத்தில் வேற்று மொழி பேசும் ஒருவரின் பெயரையாவது நாம் கேட்டறிந்திருக்கிறோமா?

2. அவருடைய மொழியில் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்க நமக்குத் தெரியுமா?

3. நம் பங்கில் இந்தி, ஒடியா, தெலுங்கு மொழிகள் அறிந்த இளைஞர்கள் உண்டு. அவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப்பின் அரைமணி நேரம் ஆலய வாசலில் நின்று உதவ முன்வருவார்களா?

மன்றாடுவோம்: இறைவா, உம் வார்த்தையை எங்கள் மொழியில் நாங்கள் கேட்கும்படி அண்ட்ரிக் அடிகளாரை அனுப்பினீர். எங்களிடம் வரும் அந்நியரின் மொழியைக் கற்கும் பொறுமையையும், கற்க முடியாதபோது அமர்ந்து கேட்கும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.