காலைப் பிடிக்கவா டாக்டருக்குப் படிச்சே?

போன தை மாசம் பெண்ணாடத்துல அக்கா வீட்டு விசேஷம். பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா பொண்ணு இப்ப ஹவுஸ் சர்ஜன். மேல என்ன படிக்கப் போறேன்னு பெரியப்பா கேட்டார். "சர்ஜரி முடிச்சிட்டு, பாதத்துக்குன்னே தனியா பயிற்சி எடுக்கலாம்னு இருக்கேன் தாத்தா"ன்னு சொன்னா. ஒரு நிமிஷம் கூடமே அமைதி. அப்புறம் பெரியப்பா கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி:

"காலைப் பிடிக்கவா உன்னை டாக்டருக்குப் படிக்க வெச்சோம்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. அவ மட்டும் சிரிக்கல. "மாமா, நீங்களாவது சிரிக்காம இருந்திருக்கலாம். தாத்தா காலை நீங்க மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டா. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல கொசுவர்த்தி. எங்க அப்பா விருத்தாசலத்துல ஒரு பீங்கான் சூளையில வேலை பார்த்தவர். பெண்ணாடம் ஸ்டேஷன்ல பாசஞ்சர் ஏறி தினமும் போய் வருவார். சர்க்கரை நோய் பத்து வருஷமா உண்டு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள நடந்து வர்றார், தரையெல்லாம் ரத்தக் கோடு. அம்மா அலறினப்பதான் அவருக்கே தெரியும். உள்ளங்காலில் ஒரு பீங்கான் சில்லு குத்தி நிக்குது. எப்ப ஏறிச்சுன்னு கேட்டா தெரியல. வலிக்கலையேன்னு சிரிக்கிறார். "வலியே இல்லைன்னா பெரிய காயமா இருக்காது"ன்னு மஞ்சள் வெச்சுக் கட்டினோம். மூணு வாரத்துல கட்டைவிரல் போச்சு. அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே போச்சு.

அந்தப் பத்து வருஷத்துல எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருப்போம். ரத்தம் பார்த்தாங்க, கண்ணைப் பார்த்தாங்க. ஒருத்தர்கூட செருப்பைக் கழட்டச் சொன்னதில்லை. யாரையும் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதல. கால்னா எல்லாருக்குமே கடைசிதானே.

சரி, வரலாற்றுக்கு வருவோம். காலைத் தொடுறது கௌரவமா கேவலமாங்கிற சண்டை எங்க ஊருக்குப் புதுசில்லைங்க. பெண்ணாகடம்னு பெரியபுராணத்துல வர்ற ஊர் இதுதான். அறுபத்து மூவர்ல ஒருத்தரான கலிக்கம்ப நாயனார் எங்க ஊர் வணிகர். தூங்கானை மாடக் கோயிலுக்குப் பக்கத்துல யாரை நிறுத்திக் கேட்டாலும் கதை சொல்லுவாங்க. வர்ற அடியார்களுக்கெல்லாம் பாதம் கழுவி அமுது படைப்பார். மனைவி செம்பிலிருந்து தண்ணி ஊத்த, இவர் கழுவுவார். ஒரு நாள் அடியார் வேடத்துல வந்தவர், முன்னாடி அவங்க வீட்டுல வேலை செஞ்சிட்டுப் போனவர். அந்தம்மா அடையாளம் கண்டு ஒரு நொடி தயங்கினாங்க. நாயனார் அவங்க கையை வெட்டிட்டு, தானே செம்பை எடுத்துத் தண்ணி ஊத்திக் கழுவி முடிச்சார்.

சின்ன வயசுல இதை பக்திக் கதையா கேட்டேன். இப்ப கேட்டா அந்தம்மா கைக்காக மனசு வலிக்குது. ஆனா ஒரு விஷயம் உறைக்குது. அந்த ஒரு நொடித் தயக்கம், "இவன் காலையா?"ங்கிற தயக்கம், எங்க பெரியப்பா சிரிப்புலயும் இருந்தது. என் சிரிப்புலயும்.

வெளிநாட்டுலயும் கதை இதேதான். ஆபிரகாம் லிங்கனுக்குக் கால் உபாதை உண்டு. 1862-ல் இசக்கார் சக்கரி என்ற கால் வைத்தியர் அவர் பாதத்தைக் கவனிச்சுக்கிட்டார். உள்நாட்டுப் போர் நடந்த அந்தக் காலத்துல லிங்கன் அவரையே தெற்கே தூதும் அனுப்பினார். அந்த மாதிரி ஆளுங்களைக் கால் ஆணி எடுக்கிறவங்கன்னுதான் உலகம் பார்த்தது. 1895-ல் நியூயார்க்கில் இவங்க சங்கம் அமைச்சாங்க. 1911-ல் அங்கேயே பள்ளி வந்தது. 1913-ல் லண்டனில் பாதத்துக்குன்னே ஒரு மருத்துவமனை. இன்னிக்கு அமெரிக்காவுல பொடியாட்ரி படிக்கணும்னா டிகிரிக்கு அப்புறம் நாலு வருஷம் கல்லூரி, அதுக்கு மேல மூணு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நம்ம நாட்டுல அப்படித் தனிப் பட்டம் பரவலா வளரல. சர்ஜரியோ சர்க்கரை வைத்தியமோ படிச்சவங்கதான் இதுக்குள்ள வர்றாங்க.

ஆனா உணர்ச்சி இல்லாத பாதத்தை எப்படிக் காப்பாத்துறதுங்கிற பாடத்துல பெரும்பகுதியை உலகம் கத்துக்கிட்டது நம்ம தமிழ்நாட்டுலதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தல் :-)

பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில வளர்ந்தவர். அப்பா அம்மா ஆங்கிலேய மிஷனரிகள். சின்னப் பையனா இருக்கும்போது மூணு தொழுநோயாளிகள் வீட்டுக்கு வந்தாங்க. அப்பா கையுறை மாட்டிக்கிட்டுப் புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அதுவரை அப்பா கையுறை போட்டு இவர் பார்த்ததில்லை. அந்தப் பயமும், சீழ் மேல இருந்த அருவருப்பும் சேர்ந்து, டாக்டரே ஆக மாட்டேன்னு கட்டட வேலை கத்துக்கப் போனவர் அவர். விதி விடுமா? லண்டனில் மருத்துவம் படிச்சு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

1947-ல் செங்கல்பட்டு திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் காக்ரேன் அவரைக் கூட்டிட்டுப் போனார். மடங்கிப்போன விரல்களோட இருந்த ஒருத்தர்கிட்ட, என் கையை அழுத்திப் பிடியுங்கன்னு சொல்லியிருக்கார் பிராண்ட். அவர் பிடிச்ச பிடியில கை நொறுங்கிடும் போல வலி. செத்துப்போன கைக்குள்ள இவ்வளவு பலமா? அங்கேதான் பொறி தட்டிச்சு. தசைநாண்களை மாத்தி வெச்சு மடங்கின விரல்களை நிமிர்த்தினார். தொங்கிப்போன பாதங்களும் அதே முறையில நிமிர்ந்தன.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேற. விரல்கள் நோயால அழுகி விழுறதாத்தான் ஊரே நம்பிக்கிட்டிருந்தது. நோயாளிகளோட ஒவ்வொரு காயத்தையும் துப்பறியிற மாதிரி தேடினார். சூடான பாத்திரம், செருப்புக்குள்ள ஆணி, ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சது. ஆமாங்க, எலி. வலி தெரியாததால எழுந்திருக்கல. வீட்டுக்குப் போறவங்ககிட்ட பூனையைக் கொடுத்தனுப்பினாங்களாம்! நோய் வலியை மட்டும்தான் எடுத்துச்சு. மிச்சத்தைச் செஞ்சது சாதாரண வாழ்க்கை. எங்க அப்பா காலில் ஏறின பீங்கான் சில்லு மாதிரி.

ஒருமுறை நீண்ட ரயில் பயணத்துக்கு அப்புறம் லண்டனில் சாக்ஸைக் கழட்டினா, பிராண்டுக்கே குதிகாலில் உணர்ச்சி இல்லை. தொழுநோய் வந்துடுச்சுன்னு ராத்திரி முழுக்கத் தூங்கல. காலையில ஊசியால குத்திப் பார்த்தார். வலிச்சுது! வலிக்காக சந்தோஷப்பட்ட மனுஷன். உட்கார்ந்தே வந்ததுல மரத்துப் போயிருந்துச்சு, அவ்வளவுதான்.

பாதப் புண்ணுக்கு அவர் பெரிய மருந்தை நம்பல. பாரத்தை எடு, புண் தானா ஆறும். அதுக்கு மாவுக்கட்டு. இலங்கையில டாக்டர் மில்ராய் பால் போன்றவங்க ஏற்கனவே செஞ்ச முறை. கட்டோடயே நடக்கலாம், ஒரு இடத்துல விழுற பாரம் பாதம் முழுக்கப் பரவிடும். ஆறின பிறகு மெத்துன்னு இருக்கிற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு. 1955-ல் தொடங்கின கரிகிரி மருத்துவமனையில செருப்புத் தைக்கிறவரும் சர்ஜனும் ஒரே காலைச் சேர்ந்து பார்த்தாங்க. எங்க ஊர்ல அந்த ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உட்கார்ந்திருப்பாங்களா சொல்லுங்க?

1966-ல் அமெரிக்காவுக்கு, லூசியானாவில் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகள் காலைப் பார்த்தா, அட, இதே புண், இதே காரணம்! வேலூர்ல கத்துக்கிட்டதை அங்கே போதிச்சார். 2003-ல் இறந்தார். சர்க்கரை நோயாளியோட உள்ளங்கால் புண்ணுக்கு, பாதத்தோட ஒட்டிப் போடுற அந்த மாவுக்கட்டு இன்னிக்கும் உலகம் முழுக்க முதல்தர வைத்தியம்.

இந்தப் பக்கம் சென்னையில, 1948-லயே ஸ்டான்லியில சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1954-ல் ராயபுரத்துல தனி மருத்துவமனை. பின்னாடி அங்கே பாதத்துக்குன்னே தனிக் கவனிப்பு வளர்ந்தது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவுல சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு சொல்லுது. அத்தனை பேருக்கும் ரெண்டு ரெண்டு கால். கணக்குப் போட்டுக்கோங்க.

விசேஷம் முடிஞ்ச மறுநாள் காலையில அக்கா பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். ஏன் இதையே பிடிச்சுக்கிட்டேன்னும் கேட்டேன். "கத்தியும் பிடிக்கலாம், மருந்தும் கொடுக்கலாம், செருப்பும் அளவெடுக்கலாம் மாமா. நொண்டி வந்தவர் நேரா நடந்து போறதைக் கண்ணால பார்க்கலாம். எல்லாத்தையும் விட, தாத்தாவுக்கு ஒரு நைலான் இழை போதுமா இருந்துச்சு"ன்னா. அதாகப்பட்டது, 10 கிராம் அழுத்தத்துல வளையிற ஒரு சின்ன இழை. அதை உள்ளங்காலில் வெச்சு, தெரியுதான்னு கேட்கணும். தெரியலைன்னா அந்தக் கால் ஆபத்துல இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. எங்க அப்பாவுக்கு யாரும் வெச்சுப் பார்க்கல.

அப்புறம் அவ அந்த இழையைப் பையிலேர்ந்து எடுத்துக்கிட்டு நேரா திண்ணைக்குப் போனா. பெரியப்பாவுக்கும் இருபது வருஷச் சர்க்கரை. "தாத்தா, காலைக் கொடுங்க"ன்னு தரையில உட்கார்ந்தா. மனுஷன் நெளிஞ்சார், "பொம்பளப் புள்ள நீ, டாக்டர் வேற, என் காலையெல்லாம் தொடக் கூடாதும்மா"ன்னார். அவ விடல. கண்ணை மூடச் சொல்லிட்டு ஒவ்வொரு இடமா வெச்சுக் கேட்டா. வலது கட்டைவிரலுக்குக் கீழே மூணு தடவை வெச்சா. மூணு தடவையும் அவர் ஒண்ணும் சொல்லல. இன்னும் ஆரம்பிக்கலையான்னு காத்துக்கிட்டிருந்தார்.

அடுத்த வாரம் அவரை வேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டுலயும் சர்க்கரைக்காரங்க இருப்பாங்க. இன்னிக்கு ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, அவங்க உள்ளங்காலை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. காலைப் பிடிக்கிறதுல ஒண்ணும் கேவலம் இல்லைங்க.