எறிந்த மண்ணும் ஏற்ற சொல்லும்

கொச்சியில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் 'படகு ஜெட்டி' என்னும் தொடர் ஒலிக்காத நாள் அரிது. எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கோ வெலிங்டன் தீவுக்கோ படகேறச் செல்வோர் முதலில் நாடுவது அவ்விடத்தையே. அன்றாடம் வழங்கும் அச்சொல்லின் பிறப்பை ஆராயப் புகுந்தால், வெலிங்டன் தீவின் வரலாறே அதனுள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

ஆங்கிலம் இச்சொல்லை 15ஆம் நூற்றாண்டளவில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றது. அம்மொழியில் இதற்கு 'எறியப்பட்டது' என்பது பொருள். எறிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையே இதன் வேர். கல்லும் மண்ணும் நீரில் எறிந்து எழுப்பிய மேடு என்பதே முதற்பொருள்; படகு அணையும் மேடை என்னும் பொருளும் அதனின்று விரிந்தது. வானிற் பறக்கும் 'ஜெட்' விமானத்தின் பெயரும் இவ்வேரினின்று கிளைத்ததே.

இனித் தீவின் கதைக்கு வருவோம். கொச்சிக் காயலின் முகத்துவாரத்தை மணல்திட்டு மறித்திருந்தமையால், பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அத்திட்டை வெட்டி ஆழப்படுத்தும் பணியை ஏற்றார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உட்துறைமுகத்துள் நுழைந்தது. தோண்டியெடுத்த மண்ணோ வீணாகவில்லை. வெண்டுருத்தியை அடுத்த நீர்ப்பரப்பில் அதனைக் கொட்டிப் புதுநிலம் ஆக்கினர். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரை அந்நிலம் பெற்றது. மட்டாஞ்சேரி வார்ஃப், எறணாகுளம் வார்ஃப் எனும் இரு சரக்குத்துறைகளும் இத்தீவின் இரு மருங்கில் அமைந்தவையே. ஆகவே ஜெட்டி என்னும் சொல்லின் மூலப்பொருளுக்கு இத்தீவினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் தமிழிலோ 'இறங்குதுறை' என்னும் அழகிய சொல் உண்டு. பிரெஞ்சுச் சொல் எறிந்த மண்ணை நோக்கிற்று. தமிழ்ச்சொல் இறங்கும் மனிதரை நோக்கிற்று. அயற்சொல்லின் பொருளை அறிவதால் நம் சொல்லின் சிறப்பு குன்றுவதில்லை, மேலும் துலங்குகிறது. பிறந்த மண்ணைப் பெயர்ந்து வந்த நமக்கு இவ்விரு சொற்களுமே உரியன. பெயர்த்தெடுத்த மண் பிறிதோரிடத்தில் நிலமாய் நிலைத்து, வருவோர்க்கெல்லாம் துறையாகவும் ஆயிற்றன்றோ! நம் மக்களுக்கு இறங்குதுறை என்னும் சொல்லையும் மறவாது கற்பிப்போமாக.