ஒரு சென்ட் அபராதம்

நன்னடத்தை அலுவலர்னு சொன்னா, "போலீஸா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் முன்னோடி பூட்ஸ் தைக்கிறவர்.

பாஸ்டன், 1841 ஆகஸ்ட். குடித்ததற்காகப் பிடிபட்ட ஒருவர் கந்தலாடையோடு நீதிமன்றத்தில் நின்றார். சிறை நிச்சயம். அன்று அங்கே இருந்த ஜான் அகஸ்டஸ் அவரிடம் பேசிப் பார்த்து ஜாமீன் கொடுத்தார். இனிக் குடிப்பதில்லை என்று கையெழுத்தும் வாங்கினார். மூன்று வாரம் கழித்து வந்தவர் ஆளே மாறியிருந்தார். நீதிபதி விதித்தது ஒரு சென்ட் அபராதம், கூடவே வழக்குச் செலவு.

1859இல் சாகும்வரை சம்பளமில்லாமல் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஜாமீன் நின்றார். ஆளைச் சிறைக்கு அனுப்பினால் கட்டணம் பெறும் ஊழியர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. மாசசூசெட்ஸ் 1878இல்தான் சம்பளத்துக்கு ஆள் வைக்கச் சட்டம் போட்டது. சென்னை மாகாணச் சட்டம் 1936. இந்தியச் சட்டம் 1958.

21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன், பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றம் எங்கள் அறிக்கையைக் கேட்டாக வேண்டும். விசாரிக்க வீட்டுக்குப் போவேன். அம்மாக்கள் முதலில் காபி போடுவார்கள், பிறகுதான் அழுவார்கள். அகஸ்டஸ் ஒருவரை நம்பினால் தன் பணத்தைக் கட்டினார். நான் ஒரு பத்தி எழுதுகிறேன். அது தப்பாப் போனா எனக்கு நஷ்டமில்லை, அந்தப் பையனுக்குத்தான்.