மூன்று குப்பிகள்

ரோம் நாட்டுச் செல்வர் ஒருவர் வீட்டிலே விருந்து. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இளைய பிளினி என்னும் எழுத்தாளரும் அழைக்கப்பட்டிருந்தார். தாம் கண்ட காட்சியை இளம் நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதம் இன்றும் இருக்கிறது.

திராட்சைத் தேறல் மூன்று வகையாகச் சிறு குப்பிகளில் வைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கவா? அன்று! கொடுத்ததை மறுக்க முடியாதபடி செய்யவே! முதற்குப்பி, வீட்டுக்காரருக்கும் பிளினி போன்ற பெரியவர்களுக்கும். இரண்டாங்குப்பி, தரம் குறைந்த நண்பர்களுக்கு. ஆம், நட்பையும் அவர் தரம் பிரித்து வைத்திருந்தார்! மூன்றாங்குப்பி, அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்றவர்களுக்கு. ஒரே கூரை, ஒரே பந்தி, ஒரே வேளை. தேறலில் மட்டும் மூன்று சாதி!

இம்முறை உமக்கு உடன்பாடா என்று அருகிலிருந்தவர் கேட்டார். இல்லை என்றார் பிளினி. தம் வீட்டில் அனைவருக்கும் ஒன்றே என்றும், தாம் அழைப்பது விருந்துக்கேயன்றித் தரம் பிரிப்பதற்கன்று என்றும் கூறினார். செலவு மிகுமே என்று வியந்தார் மற்றவர். மிகாது என்பதே விடை. விடுதலை பெற்றோர் பிளினி குடிப்பதைக் குடிப்பதில்லை. அவர்கள் குடிப்பதையே பிளினி குடிக்கிறார்!

நண்பர்களை வீட்டுக்கு அழைத்துத் தேறல்களைச் சுவைத்து ஒப்பிடும் விருந்து, மேலை நாடுகளில் ஒரு நாகரிகக் கலையாக வளர்ந்திருக்கிறது. அதனை எளிமையாக, எழிலாக நடத்துவது எங்ஙனம்? விடையை விலைப்பட்டியலில் தேடுவோர் பலர். நாம் வரலாற்றில் தேடுவோம். குடிக்கக் கற்பிப்பது நம் நோக்கமன்று. குடியாதார்க்கும் இதிலே பாடமுண்டு. குப்பியின்மீது ஒட்டப்படும் சீட்டுக்கும் மனிதன்மீது ஒட்டப்படும் சீட்டுக்கும் உள்ள உறவே நம் ஆராய்ச்சி.

ரோமுக்கு முன்னே கிரேக்கம். கூடிக் குடித்தல் என்று பொருள்படும் சிம்போசியான் அவர்தம் வீட்டு விருந்து. அகன்ற கலமொன்றில் தேறலையும் தண்ணீரையும் கலப்பர். பெரும்பாலும் தண்ணீரே மிகுதி. கலவாது குடிப்பது காட்டுமிராண்டிகளின் வழக்கம் என்பது அவர்கள் கருத்து. விருந்துக்கெனத் தலைவர் ஒருவரைத் தேர்ந்து, கலவையின் அளவை அவரிடம் விடுவர். அறிவுடையார்க்கு மூன்று கலம் போதும், நான்காவது கலம் வரம்பு மீறலுக்கே உரியது என்று மதுக்கடவுளின் வாயாலேயே சொல்ல வைத்தார், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகாசிரியர் யூபுலஸ்.

ஒரே கலம், அனைவர்க்கும் ஒரே கலவை. ஆகவே அங்கே சமத்துவம் தழைத்தது என்று மகிழலாமா? பொறுங்கள் தோழர்களே! விருந்து நடந்த அறையின் பெயரே ஆடவர் அறை. குழலூதும் பெண் கூலிக்கு வரலாம். வீட்டுத் தலைவி வரலாகாது. பிளேட்டோவின் 'விருந்து' என்னும் உரையாடலைப் பாருங்கள். அகத்தான் வீட்டில் அறிஞர்கள் கூடுகிறார்கள். முதல் நாள் மிகுதியாகக் குடித்த களைப்பினால் அன்று அளவோடு குடிக்க முடிவு செய்கிறார்கள். குழலூதுபவளையும் அனுப்பிவிட்டுக் காதலைப் பற்றி உரையாடுகிறார்கள். சாக்ரடீஸ் எடுத்துரைத்த உயர்ந்த கருத்தோ, டயோட்டிமா என்ற பெண் தமக்குக் கற்பித்தது என்கிறார்! பெண்ணின் அறிவுக்கு அந்த அறையில் இடமிருந்தது, பெண்ணுக்கு இடமில்லை. பரிமாறும் அடிமைகளிடம், நீங்களே எங்களை அழைத்தவர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார் அகத்தான். சொல்லிலே விருந்தளிப்பவர், நிலையிலே அடிமை!

யவனர் தேறல் கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்தது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இரு கைப்பிடி கொண்ட மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகி மகிழ்க என வாழ்த்துகிறார் நக்கீரர், புறநானூற்றின் 56-ஆம் பாட்டில். வார்ப்பவர் யார்? வளையணிந்த மகளிர். அங்கும் வார்க்கும் கை வேறு, பருகும் வாய் வேறு. ஆயினும் அதே நூலின் 235-ஆம் பாட்டில் வேறொரு காட்சி காண்கிறோம். கள் சிறிதளவே கிடைத்தால் முழுவதும் தமக்கே தந்துவிடுவான் அதியமான் என்று நினைந்து நினைந்து கலங்குகிறார் அவ்வையார். ஏதென்சு நகரத்து மனைவி எட்டிப் பார்க்கவியலாத இடத்தில், இங்கே புலமை மிக்க பெண்ணொருத்தி வேந்தனுக்கு நிகராக அமர்ந்திருந்தாள்.

மீண்டும் ரோமுக்கு வருவோம். பெட்ரோனியஸ் எழுதிய கதையில் டிரிமால்கியோ என்ற புதுப் பணக்காரன் விருந்து வைக்கிறான். கொண்டுவரப்பட்ட சாடிகளின் கழுத்தில் சீட்டு தொங்குகிறது: ஒப்பிமியஸ் காலத்துத் தேறல், வயது நூறு! ஒப்பிமியஸ் ஆட்சித் தலைவராக இருந்தது கி.மு. 121. கதை எழுந்ததோ கி.பி. முதல் நூற்றாண்டு. நூறு என்ற கணக்கே பொருந்தவில்லை. என்ன கவலை? சீட்டு இருக்கிறது, கூட்டம் வியக்கிறது!

சீட்டுக்குச் சட்டமும் வந்து சேர்ந்தது. 1855-இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்தோ வட்டாரத்துச் செந்தேறல்களைத் தரகர்கள் ஐந்து வகுப்பாகப் பிரித்தனர். அளவுகோல், அவை சந்தையில் பெற்றிருந்த விலை. அன்று கிடைத்த வகுப்பே பிறப்புரிமை போல நிலைத்தது. மூட்டோன் ரோத்சைல்டு என்னும் தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறியது 1973-இல். காத்திருந்தது 118 ஆண்டுகள்!

இந்தக் கோட்டையை அசைத்தது படையன்று. ஒரு சிறு மறைப்பு. பாரிசில் கடை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியரும், உடன் பணியாற்றிய பட்ரீசியா காலகரும் 1976 மே 24-இல் ஒரு சுவைத் தேர்வு நடத்தினர். வெண்தேறல் பத்து, செந்தேறல் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிபோர்னியாவினுடையவை, நான்கு பிரான்சினுடையவை. பெயர்கள் மறைக்கப்பட்டன. மதிப்பெண் கணக்கில் கொள்ளப்பட்ட நடுவர் ஒன்பதின்மரும் பிரெஞ்சுக்காரர்.

நடந்தது என்ன? கலிபோர்னியத் தேறலைப் பருகிவிட்டு, ஆகா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்தார் ஒரு நடுவர்! வெண்தேறலில் முதலிடம் கலிபோர்னியாவின் ஷாத்தோ மாண்டலீனா. ஆக்கியவர் யுகோஸ்லாவியாவிலிருந்து குடியேறிய மைக் கெர்கிச். செந்தேறலிலும் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். ஆக்கியவர் பல்கலைக்கழக ஆசிரியப் பணியை விட்டு வந்த வாரன் வினியார்ஸ்கி. மூன்றாண்டுகளுக்கு முன் முதல் வகுப்பேறிய மூட்டோனுக்கு இரண்டாமிடம்!

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது வியப்பூட்டவில்லை. பொதுத் தேர்வு விடைத்தாளில் மாணவன் பெயர் இராது, எண்தான் இருக்கும். ஏன்? பெயரைக் கண்டால் பேனா சாயக்கூடும் என்று அறிந்ததனால். மாணவனுக்கு நாம் வழங்கும் அந்த நீதியைத்தான் ஸ்பரியர் திராட்சைக்கு வழங்கினார்.

ஆயினும் பழைய பீடத்தை இடித்த கை, புதிய பீடம் கட்டலாகாது. வென்ற கலிபோர்னியக் குப்பிகள் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்பெயர்களும் இப்போது மயக்கும் சீட்டுகளே. கண்ணும் நம்மை ஏய்க்கும் என்பதற்குச் சான்றுண்டு. போர்தோவில் தேறற்கலை பயின்ற 54 மாணவர்க்கு, மணமற்ற சாயமிட்டுச் சிவப்பாக்கிய வெண்தேறலைத் தந்தனர் ஆய்வாளர். அதன் மணத்தைச் செந்தேறலுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள் மாணவர்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. கற்றவர் மூக்கும் கண்ணுக்கு அடிமையானது!

ஆகவே, வீட்டு விருந்தை எழிலாக்குவது எது? நான்கு குப்பிகள் போதும். சுவைக்காத ஒருவர் அவற்றைத் தாளில் சுற்றி எண்ணிடட்டும். எல்லோர்க்கும் ஒரே வடிவக் கண்ணாடிக் கிண்ணம். இரண்டு மூன்று வாய் அளவு தேறல். இடையிடையே நாவைத் துலக்க ரொட்டியும் தண்ணீரும். விழுங்க விரும்பாதார் துப்புவதற்கு ஒரு கலம். நிறத்தைப் பார்த்து, கிண்ணத்தை மெல்லச் சுழற்றி, முகர்ந்து, பிறகு சுவைக்கட்டும். கருத்தைப் பேசுமுன் எழுதிவிட வேண்டும். உரத்த குரல் ஒன்று முந்திக்கொண்டால் மற்ற நாக்குகள் அதன்பின் போகும். எழுதி முடித்த பிறகே தாளை அகற்றலாம். வேண்டாம் என்பாரை வற்புறுத்தலாகாது. மறுக்க முடியாதபடி கொடுப்பது அந்த ரோமச் செல்வரின் முறை.

இன்னும் ஒன்று. பிளினியைப் பாராட்டினோம். விடுதலை பெற்றவரைத் தம் பந்தியில் ஒப்ப அமர்த்தினார் அவர். ஆனால் விடுதலை பெறாத அடிமைகள் அவர் வீட்டிலும் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏதென்சில் அடிமை வார்த்தான். மதுரையில் வளைக்கை வார்த்தது. இன்றைய வீடுகளிலோ விருந்தினர் கூடத்தில் சிரித்திருக்க, இல்லத்தரசி அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். தேறலாயினும் தேநீராயினும் நிலை இதுதானே?

குப்பியின் சீட்டை மறைக்கத் துண்டுத்தாள் போதும். வார்த்துக்கொண்டே நிற்பவரை அமரச் செய்ய, நாம் எழுந்து சாடியை வாங்கிக்கொள்ள வேண்டும். எழுவோமா?