மேலே காடு, கீழே வெள்ளி: கேபினட் மலையின் கதை

அமெரிக்காவின் 1964ஆம் வருஷத்து வில்டர்னஸ் சட்டத்தைப் பற்றிப் படிக்கப் போய், அதில் ஒரு சின்ன விதிவிலக்கில் மாட்டிக்கொண்டேன். ரெண்டு வாரமாக வேறெதுவும் படிக்க ஓடவில்லை. அந்த விதிவிலக்கு என்ன செய்தது என்று பார்க்க, மொன்டானா மாநிலத்தின் வடமேற்கு மூலைக்குப் போகணும். கனடா எல்லையை ஒட்டிய மூலை அது. அங்கே இருப்பது கேபினட் மலைத்தொடர்.

வில்டர்னஸ் என்றால் சட்டப்படி ரொம்பக் கறாரான பொருள். ரோடு கிடையாது, வண்டி கிடையாது, கட்டடம் கிடையாது. மனுஷன் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தங்கி வாழக்கூடாது. (குட்டெனாய் மக்கள் காலங்காலமாகப் புழங்கிய நிலத்தை இப்படி வரையறுத்ததில் உள்ள முரண் தனிக் கட்டுரைக்கு உரியது.) 1964 செப்டம்பர் 3ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டதும் 54 இடங்களுக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது. அதில் ஒன்று கேபினட் மலை, சுமார் 94,000 ஏக்கர்.

ஆனால் சட்டம் சும்மா நிறைவேறவில்லை. வரைவை எழுதிய ஹோவர்ட் ஸானிசர் எட்டு வருஷம் அலைந்தார். கையெழுத்தாவதற்கு நாலு மாசம் முன்பு செத்துப்போனார். வழியில் நின்றவர் கொலராடோ எம்.பி. வேன் ஆஸ்பினால். சபையின் உள்துறைக் குழுவுக்குத் தலைவர், சுரங்கத் தொழிலுக்கு வேண்டியவர். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. காட்டைப் பாதுகாக்கலாம், ஆனால் 1983 டிசம்பர் 31 நள்ளிரவு வரை உள்ளே போய்த் தாது தேடலாம், கண்டுபிடித்தால் உரிமை கோரலாம். அதற்குப் பிறகு கதவு மூடப்படும். முன்பே பெற்ற செல்லுபடியாகும் உரிமை மட்டும் தொடரும். நான் மாட்டிக்கொண்ட விதிவிலக்கு இதுதான்.

கிட்டத்தட்ட இருபது வருஷ அவகாசம். அதை யாராவது உருப்படியாகப் பயன்படுத்தினார்களா என்று கேட்டால், கேபினட் மலையில் பயன்படுத்தினார்கள்.

அங்கே அடியில் இருப்பது ரெவெட் என்ற பாறை அடுக்கு. 140 கோடி வருஷத்துக்கும் பழசு. அந்தக் காலத்தில் அது வெறும் மணல். பின்னால் உலோகம் கரைந்த உப்புநீர் அந்த மணலின் இடுக்குகள் வழியாக ஊறி வந்து, ரசாயனச் சூழல் மாறின இடத்தில் செம்பையும் வெள்ளியையும் இறக்கிவிட்டுப் போனது என்பதுதான் புவியியலாளர்களின் விளக்கம். இப்போது அது இறுகிக் குவார்ட்சைட் பாறையாகிவிட்டது. தாதுவின் தரம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு டன் பாறையை உடைத்தால் வெள்ளி 50 கிராம் சுமார், செம்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பாறை கோடிக்கணக்கான டன் இருக்கிறதே!

மேற்குப் பக்கத்தில் ராக் க்ரீக் படிவத்தை 1960களில் பேர் க்ரீக் என்ற கம்பெனி கண்டது. 1973ல் அது அசார்கோ கைக்கு வந்தது. அதே மாதிரிப் பாறையில், வில்டர்னஸுக்கு வெளியே, அசார்கோ 1981ல் டிராய் சுரங்கத்தைத் திறந்து வெள்ளி எடுத்துக் காட்டியது. அதாவது இது காகிதத்துக் கனவு இல்லை என்று நிரூபணமும் ஆகிவிட்டது. இரண்டாவது படிவம் மொன்டனோர். ராக் ஏரிக்குப் பக்கத்தில் யு.எஸ். போராக்ஸ் கம்பெனி அதைக் கண்டுபிடித்த வருஷம் 1983! கதவு சாத்தப்போகிற அந்தக் கடைசி வருஷமேதான். இரண்டு படிவத்திலும் தலா 20 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி இருப்பதாகக் கம்பெனிகளின் கணக்கு.

காட்டின் மேல் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது, அப்புறம் எப்படித் தோண்டுவது? எல்லைக்கு வெளியே, மலையடிவாரத்தில் சுரங்கப்பாதையைத் தொடங்கி, மைல்கணக்கில் பாறைக்குள்ளேயே போய், காட்டுக்கு அடியில் தாதுவைத் தொடுவது. அறை அறையாகத் தோண்டி, நடுநடுவே பாறையையே தூணாக விட்டுவிடுவது. மேலே நடப்பவருக்கு எதுவும் தெரியாது. கம்பெனிகளின் வாதம் இதுதான், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. யு.எஸ். போராக்ஸிடமிருந்து மொன்டனோரை வாங்கிய நொராண்டா, லிபி ஓடைப் பக்கத்திலிருந்து சுமார் 14,000 அடி குடைந்துகொண்டு போனது. 1991ல் தாதுவைத் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டது. வெடிமருந்திலிருந்து நைட்ரேட் தண்ணீரில் கலந்தது ஒரு காரணம், உலோக விலை விழுந்தது இன்னொன்று.

தண்ணீர். இந்த வழக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழமாக போர் போட்டால் நம்ம கிணறு வத்திப்போவது தெரியும் இல்லையா? அதேதான். மலைக்குள் பெரிய வெற்றிடம் உண்டானால் பாறை வெடிப்புகளில் இருக்கிற நீர் அதற்குள் வடியும். சுரங்கம் நடக்கணும் என்றால் அதை இறைத்துக்கொண்டே இருக்கணும். பனி உருகி முடிந்த கோடைக் கடைசியில், மேலே ஓடைகள் ஓடுவதே அந்த நிலத்தடி ஊற்றை நம்பித்தான். அந்த ஓடைகளில் புல் டிரவுட் என்ற மீன் இருக்கிறது, குளிர்ந்த சுத்தமான நீர் இல்லாவிட்டால் பிழைக்காது, அதுவும் பாதுகாக்கப்பட்ட இனம். கரையில் கிரிஸ்லி கரடி. கேபினட்–யாக் பகுதி முழுவதற்கும் சேர்த்துச் சில டஜன்தான். 1990க்கும் 1994க்கும் நடுவில் கனடாவிலிருந்து நாலு பெண் கரடிகளைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அதில் ஒன்று குட்டி போட்டு வம்சம் வளர்த்தது என்று பல வருஷம் கழித்து ரோமத்தின் மரபணுவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இந்த அளவுக்குக் கையில் எண்ணுகிற கூட்டம்.

எதிர்ப்பில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது 2004 மார்ச்சில் நடந்தது. டிஃபனி நகைக் கம்பெனி வாஷிங்டன் போஸ்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ராக் க்ரீக் சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்காதே என்று வனத்துறையைக் கேட்டது. வெள்ளி விற்கிறவரே வெள்ளி தோண்டாதே என்கிறார்! விளம்பர உத்தி என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டும், வாங்குகிறவர் கேள்வி கேட்டால் காது கொடுத்துத்தான் ஆகணும்.

சுரங்கம் வேண்டும் என்று கேட்ட உள்ளூர்க்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து ஊர் லிபி. மூவாயிரம் பேர்கூட இல்லை. மரத் தொழில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியின் வெர்மிகுலைட் சுரங்கம் 1990ல் மூடியது. அதன் தூசியில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது 1999க்குப் பிறகுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது. 2009ல் மத்திய அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தது. சுரங்கத்தால் செத்த ஊர், இன்னொரு சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறது. காட்டை ரசிக்க வெளியூரிலிருந்து வருகிறவர் அந்த ஊரில் நின்று பேசுவது சுலபம் இல்லை.

ஹெக்லா கம்பெனி 2015ல் ராக் க்ரீக்கையும் 2016ல் மொன்டனோரையும் வாங்கியது. தனித்தனியாக வளர்ந்த ரெண்டும் ஒரே கையில் சேர்ந்தன. ஆனால் மொன்டனோருக்கு முழு அனுமதி கொடுக்க மாநிலச் சுற்றுச்சூழல் துறையே 2016ல் மறுத்து, ஆய்வுக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. காரணம், ஓடைகளின் நீர் குறையும் என்று கணக்கு காட்டியது. 2017ல் கூட்டரசு நீதிபதி டொனால்ட் மொலாய் மத்திய அனுமதியையும் தள்ளினார். ராக் க்ரீக்கில் வனத்துறை வேறு வழி பார்த்தது: முதலில் ஆய்வுச் சுரங்கம் மட்டும், மீதி பிறகு. 2021ல் அதே நீதிபதி அதையும் ஏற்கவில்லை. கரடிக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்று பார்க்கும்போது முதல் கட்டத்தை மட்டும் நறுக்கி எடுத்துப் பார்க்கக்கூடாது, முழுச் சுரங்கத்தையும் பார்க்கணும் என்றார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்ததற்குக் காரணம், 1964ல் செய்த பேரத்தின் அஸ்திவாரமே இப்படி நறுக்கிப் பார்ப்பதுதான். மேற்பரப்பு ஒரு கணக்கு, அடிநிலம் இன்னொரு கணக்கு, இன்று ஒரு விதி, 1983க்குப் பிறகு வேறு விதி. சட்டத்தில் இப்படிக் கோடு போடலாம். ராக் ஏரிக்கு அடியில் இருக்கிற பாறை வெடிப்பு அந்தக் கோட்டைப் பார்த்து நிற்காது.

ஹெக்லா அப்புறம் பெரிய திட்டத்தை ஒதுக்கிவிட்டு, லிபி ஆய்வுத் திட்டம் என்ற பேரில் மறுபடி விண்ணப்பித்தது. நொராண்டா 1991ல் விட்டுப்போன அதே சுரங்கப்பாதையை இன்னும் நீட்டி, உள்ளேயிருந்து துளை போட்டுப் பார்க்கவாம்.