வெயிலின் மேல் பழி: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் தார் உருகலும் இருசக்கர வாகனமும்

வேலூரை ‘வெயிலூர்’ என்று கேலி பேசுவது பழைய வழக்கம். கேலியாக இருந்தவரை அதில் கெடுதல் இல்லை. சாலைப் பராமரிப்பில் அதுவே ஒரு சமாதானமாகவும் ஆகிவிட்டதுதான் சிக்கல். கத்திரி வெயில் காலத்தில் இங்கே வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வாடிக்கை. அந்த நாள்களில் சாலையின் சில இடங்கள் கறுத்துப் பளபளக்கும், செருப்பு ஒட்டும், பைக் வழுக்கும். ‘இந்த வெயிலுக்குத் தார் உருகாமல் என்ன செய்யும்?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒழுங்காகப் போட்ட சாலையிலும் தார் இளகும். ஆனால் மேலே வராது. அது மேலே வருவது, உள்ளே அதற்கு இடம் இல்லாமல் போனதால்.

முதலில் சொல்லைச் சரிபார்ப்போம். நாம் தார் என்பது இன்று நிலக்கரியிலிருந்து வடிக்கும் தார் அல்ல. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமென். பனிக்கட்டியைப் போல ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது உருகுவதில்லை; சூடு ஏற ஏறப் படிப்படியாக இளகுகிறது. அதனால்தான் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 73 பிட்டுமெனை 60 டிகிரியில் அதற்குள்ள பிசுப்பை வைத்து விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என வகைப்படுத்துகிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏழு நாள் சராசரி உச்ச வெப்பம் 38 முதல் 45 டிகிரி வரை உள்ள இடங்களுக்கு விஜி-30 ஏற்றது. வேலூர் இந்த வரம்புக்குள் அடங்குகிறது. ஆனால் விஜி-30 வகையின் இளகுநிலை குறைந்தபட்சம் 47 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அதே தர நிர்ணயம். வெயிலில் கிடக்கும் கறுத்த சாலைப் பரப்போ காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும். அப்படியானால் தரமான தார்கூட மே மாத நண்பகலில் தன் இளகுநிலையைக் கடந்துதான் நிற்கிறது. எல்லாச் சாலையும் ஏன் உருகி ஓடவில்லை? பாரத்தைத் தாங்குவது தார் அல்ல, ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட ஜல்லி. தார் அதைக் கட்டி வைக்கும் பசை மட்டுமே. நல்ல கலவையில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை காற்றிடம் (காற்று நிரம்பிய இடைவெளி) விட்டுவைப்பார்கள். சூட்டில் விரியும் தார் அந்த இடத்துக்குள் புகுந்துகொள்கிறது. அது அடைபட்டுவிட்டால் லாரிச் சக்கரம் அழுத்தும்போது தார் போக மேல்வழி ஒன்றுதான் உண்டு. பொறியாளர்கள் இதற்கு ‘பிளீடிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் வந்தாலும் ஏறிய தார் திரும்ப இறங்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது பருவக் கோளாறு அல்ல, நிலைத்த பழுது என்பது தெளிவாகும்.

வெப்பத்தின் அளவு மட்டுமே காரணமாக முடியாது என்பதற்கு வெளியிலிருந்தும் சான்று உண்டு. வேலூருக்குச் சாதாரணக் கோடை வெப்பமான 40 டிகிரியை இங்கிலாந்து 2022 ஜூலை 19 அன்றுதான் முதன்முறையாகத் தாண்டியது. அந்த வாரம் அங்கே பனிக்காலத்தில் உப்புத் தூவும் வண்டிகளைக் கோடையில் வெளியே எடுத்து, இளகிய சாலைகளில் கல்தூள் தூவினார்கள். 2016 மே மாதத்தில் குஜராத்தின் வல்சாட் பகுதியில் சாலையைக் கடந்தவர்களின் செருப்புகள் தாரில் சிக்கிக்கொண்ட காட்சியும் பலருக்கு நினைவிருக்கும். அதே கோடையில் 51 டிகிரியைத் தொட்ட ராஜஸ்தானின் பலோடியிலும் தார்ச்சாலைகள் இருக்கின்றன. எந்த ஊர் வெயிலுக்கு எந்தக் கலவை என்ற பொருத்தமே இங்கே முக்கியம்.

இந்தப் பழுது காரில் போகிறவருக்குச் சிறு தொல்லை. பைக்கில் போகிறவருக்கு அப்படியல்ல. இருசக்கர வண்டி தரையைத் தொடுவது உள்ளங்கை அளவான இரண்டே இடங்களில். முன்சக்கரப் பிடி போனால் வண்டி விழும். ஓரமாகப் போ என்று பைக்காரருக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி அவரைக் கொண்டுபோய் விடுவது, லாரியின் இடச்சக்கரங்கள் அழுத்தித் தாரை மேலேற்றிய அதே பட்டையில். மெதுவாக நகரும் பாரம் இளகிய தாரை அதிக நேரம் அமுக்குகிறது. ஆகவே சிக்னல், பேருந்து நிறுத்தம், வளைவு ஆகிய இடங்களில், அதாவது பைக் பிரேக் போடும் இடங்களிலேயே, பளபளப்பு கூடுகிறது. ஆம்பூர்–பேரணாம்பட்டு போன்ற சாலைகளில் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வரும் சரக்கு லாரியும், அதே ஆலைகளில் ஷிப்ட் முடித்துப் போகும் தொழிலாளியின் மொபெட்டும் ஒரே தடத்தைப் பகிர்கின்றன. உச்சிப்பொழுதைவிடக் கோடை மழை பெய்த மாலை இன்னும் மோசம். ஜல்லியின் சொரசொரப்பைத் தார்ப்படலம் மூடியிருப்பதால் தண்ணீர் வடியப் பள்ளமும் இல்லை, டயர் பற்றிக்கொள்ள முனையும் இல்லை.

தார் மிகுந்துதான் காற்றிடம் அடைபடுகிறது என்பதற்கு உள்ளூரில் எழும் முதல் மறுப்பு சுவையானது: ஒப்பந்ததாரர் தாரைக் குறைத்து மிச்சம் பிடிப்பாரே தவிர, எங்காவது கூட்டிப் போடுவாரா? மொத்தக் கணக்கில் கேள்வி நியாயம்தான். ஆனால் பிளீடிங் மொத்தக் கணக்கில் வருவதில்லை, இடத்துக்கு இடம் வருகிறது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடும்போது, விறகு எரித்து டிரம்மில் காய்ச்சிய தாரை அளவுகோலோ வெப்பமானியோ இல்லாமல் ஓட்டைத் தகரத்தால் தெளிக்கிறார்கள். ஓரிடத்தில் தேங்கும், அடுத்த இடம் வறண்டிருக்கும். ஏற்கெனவே தார் கக்கிய பரப்பைச் சுரண்டாமல் அதன்மேல் மெல்லிய புதுப் படுகை போட்டால், பழைய தார் அதனூடே ஏறி வரும். பழைய படுகையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது, சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் மழைநீர் புகுவதைத் தடுக்க. அது இந்தக் கோளாறுக்கும் மருந்து என்பது போதிய கவனம் பெறவில்லை.

இன்னும் கெட்டியான விஜி-40 போட்டால் தீராதா என்போர் உண்டு. நெடுஞ்சாலையின் தடித்த படுகைக்கு அது பொருந்தலாம். பலவீனமான அடித்தளத்தின்மேல் 20 மில்லிமீட்டர் படுகை போட்ட ஊராட்சிச் சாலையில் கெட்டித் தார் விரைவில் வெடிக்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன் உருவாக்கிய நெகிழிச் சாலை முறை, ஜல்லியின்மேல் கழிவு நெகிழியைப் பூசி இளகுநிலையை உயர்த்துகிறது. அது மெய்யான முன்னேற்றம். ஆயினும் காற்றிடம் அடைபட்ட கலவையில் அந்த நெகிழியும் உதவாது. பொருளை மாற்றுவதற்கு முன் அளவைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

வலுவான மறுப்பு வேறு: இதனால் எத்தனை பேர் விழுந்தார்கள், கணக்கு எங்கே? 2022இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அவ்வாண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஆனால் மத்திய அரசின் விபத்து அறிக்கையில் சாலைக் குழிக்கு ஓர் இனம் உண்டு. தார் கக்கிய பரப்புக்கு இல்லை. வானிலை வாரியாகப் பிரிக்கும்போது ஏறக்குறைய முக்கால் பங்கு விபத்துகள் ‘தெளிந்த வெயில்’ என்ற தலைப்பில் போய்ச் சேர்கின்றன, வெயில் என்றால் ஆபத்தில்லை என்பதுபோல. எண்ணாத ஒன்றுக்கு எண் கேட்பது வாதம் ஆகாது. இவ்விடத்தில் இதே மண்ணில் பிறந்த ஒரு தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், அறிவியல் உறுதி முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அது சுற்றுச்சூழல் சட்டம். சாலைக்கு நேராகப் பாயாது. அதன் தருக்கம் பாயும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 198ஏ பிரிவு, தரவிதிகளை மீறிய சாலையால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழுதுக்குப் பதிவே இல்லாதபோது அந்தப் பிரிவை யார்மேல் சாட்டுவது?

செய்ய வேண்டியது பெரிய செலவு அல்ல. தார் கக்கிய இடத்தில் சூடாக்கிய பெருமணலோ கல்தூளோ பரப்பி, ரோலர் ஓட்டி, ஒட்டாத மணலைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கடைசி வேலையை விட்டுவிட்டால் தாரில் தப்பிய பைக் மணலில் சறுக்கும். பழுது ஆழமாக இருந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதற்கான கோடைக்கால ஏற்பாடுகளில் தண்ணீர்ப் பந்தலோடு சாலைப் பரப்பையும் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நெடுஞ்சாலைக் கோட்டங்கள் ஏப்ரலில் ஒருமுறை நடந்து பார்த்துக் கறுத்த பட்டைகளைக் குறித்துக்கொள்ளட்டும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது.