பயனற்றது என்று பெயர் வாங்கிய கொசு

தேனீயின் பெயரில் 'ஈ' இருக்கிறது. ஈசல் என்ற பெயரிலும் 'ஈ' கேட்கிறது. ஆனால் இரண்டுமே ஈ இல்லை. கொசுவின் பெயரில் ஈ இல்லை, ஆனால் அது ஈதான். போன மழைக்காலத்தில் ஒரு கைலென்ஸ் வாங்கி, வீட்டுச் சுவரில் வந்து உட்காருவதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தபோது நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

குளியலறைச் சுவரில் இதய வடிவத்தில், சாம்பல் நிறத்தில், பஞ்சு ஒட்டியது மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதைப் பல வருஷமாகக் குட்டி அந்துப்பூச்சி என்று நினைத்திருந்தேன். அது ஒரு ஈ. சைக்கோடிடே குடும்பம். சாக்கடைக் குழாயின் பாசியில் வளர்ந்து வருகிறது. முருங்கைப் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் 'தேனீ'யும் ஈதான், சிர்ஃபிடே குடும்பம். குழல்விளக்கைச் சுற்றி மொய்த்தாலும் கடிக்காத 'கொசு' கொசுவே இல்லை, கைரோனோமிடே. மூன்றிலும் நான் தப்பு.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட ஈ இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். குடும்பங்கள் மட்டுமே 150க்கு மேல். இத்தனையையும் ஒரே கூட்டமாகச் சேர்ப்பது எது? இறக்கையை எண்ணிப் பாருங்க. தேனீ, தும்பி, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் நான்கு. ஈக்கு இரண்டு. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி மாதிரி இரண்டு சின்னத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது அவை வேகமாக அதிர்ந்து உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஈக்குச் சொல்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஈ நேராகப் பறக்காது.

இரண்டு இறக்கை என்ற அடையாளம் பழசு. அரிஸ்டாட்டிலே இதைக் கவனித்திருக்கிறார். இரண்டு இறக்கைப் பூச்சிகளுக்குக் குத்தும் கருவி முன்னால் இருக்கும், நான்கு இறக்கை உள்ளவற்றுக்குப் பின்னால் இருக்கும் என்று எழுதினார். கொசுவையும் குளவியையும் நினைத்துப் பாருங்க, சரியாக வரும்.

1758ல் லின்னேயஸ் உயிரினங்களை வரிசைப்படுத்தியபோது இந்தக் கூட்டத்துக்கு டிப்டெரா, அதாவது இரண்டு இறக்கை, என்று பெயர் கொடுத்து உள்ளே 10 பேரினங்களை வைத்தார். அன்றைக்கு அது பெரிய வேலை. ஆனால் 10 டப்பாவுக்குள் உலகத்து ஈக்கள் எல்லாம் அடங்குமா? மஸ்கா என்ற ஒரே டப்பாவில் வீட்டு ஈ, பூவில் நிற்கும் ஈ என்று சம்பந்தமில்லாதவை சேர்ந்து கிடந்தன.

இதைப் பிரித்து அடுக்கியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. யோஹான் வில்ஹெல்ம் மைகன், 1764ல் ஜெர்மனியின் சோலிங்கனில் பிறந்தவர். ஆகன் நகருக்குப் பக்கத்தில் ஸ்டோல்பர்க் என்ற ஊரில் பிரெஞ்சும் ஓவியமும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். கிடைத்த நேரத்தில் ஈ பிடித்தார். லின்னேயஸ் பட்டியலை வைத்துத் தன் ஈக்களை அடுக்கப் பார்த்தால் பல ஈக்கள் எதிலும் அடங்கவில்லை.

அப்போதுதான் இறக்கையை உற்றுப் பார்க்கிறார். ஈயின் இறக்கையில் ஓடும் நரம்புகள் கன்னாபின்னா என்று ஓடவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோலம். பூவில் நிற்கும் சிர்ஃபிடேயின் இறக்கை நடுவில் ஒரு பொய் நரம்பு ஓடும், இரண்டு முனையும் எதிலும் சேராமல் நிற்கும். மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்களான டபானிடேயில் இறக்கையின் நுனியை ஒரு நரம்பு கவட்டை மாதிரி பிரிந்து அணைத்துக்கொள்ளும். மைகன் நரம்போடு நிற்கவில்லை. உணர்கொம்பு, வாய், கண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். உணர்கொம்பு நீளமாகப் பல கணுக்களோடு இருந்தால் கொசுப் பக்கம், குட்டையாகத் தடித்து இருந்தால் வீட்டு ஈப் பக்கம் என்று இன்றைக்கும் நாம் முதல் வெட்டு வெட்டுவது இந்த வழியில்தான்.

1818 முதல் 1838 வரை ஐரோப்பிய ஈக்களைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். பிற்காலத்தில் மரபியல் ஆய்வுக்கூடமெல்லாம் நிறைந்த பழ ஈக்கு மெலானோகாஸ்டர் என்று 1830ல் பெயர் வைத்தவரும் இவர்தான்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியம் 1818ல் வந்த முதல் தொகுதி. லின்னேயஸ் எல்லாக் கொசுவையும் குலெக்ஸ் என்று விட்டிருந்தார். மைகன் கொசுவின் முகத்தைப் பார்த்தார். உறிஞ்சுகுழலை ஒட்டி இரண்டு பக்கமும் மீசை மாதிரி இரண்டு உறுப்புகள் இருக்கும், பால்ப் என்பார்கள். பெண் கொசுக்களில் சிலவற்றுக்கு இது ரொம்பக் குட்டை, சிலவற்றுக்குக் குழல் அளவுக்கே நீளம். இந்த அளவை வைத்து மூன்றாகப் பிரித்தார்: குலெக்ஸ், ஏடிஸ், அனோபிலிஸ். இன்றைக்கு நம்ம ஊர்ச் சுகாதாரத் துறைச் சுவரொட்டியில் பார்க்கும் அதே மூன்று பெயர்கள். அனோபிலிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பயனற்றது என்று அர்த்தம். அந்தப் பயனற்ற கூட்டம் என்ன செய்கிறது என்று தெரியாமலே 1845ல் மைகன் இறந்துபோனார்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1895ல் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் செகந்திராபாத்தில் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார். மலேரியாக் கிருமியைக் கொசு சுமக்கிறதா? நோயாளியைக் கடிக்க விட்டு, கொசுவை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் அணு அணுவாகத் தேடினார். ஒன்றும் இல்லை. மறுபடி, மறுபடி. இரண்டு வருஷம் போனது.

அவர் கையில் கிருமி பற்றிய அறிவு இருந்தது, பொறுமை இருந்தது. கொசுவை வகை பிரித்துச் சொல்லும் புத்தகம் இல்லை, சொல்லித் தரவும் ஆள் இல்லை. தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார்: சாம்பல் கொசு, வரிக் கொசு. இன்றைய கணக்கில் சாம்பல் என்பது குலெக்ஸ், வரி என்பது ஏடிஸ். மனித மலேரியாவை இரண்டுமே சுமப்பதில்லை. அவர் ஆயிரம் அறுத்திருந்தாலும் கிடைத்திருக்காது.

1897 ஏப்ரலில் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், மலேரியா மண்டிக் கிடந்த சீகூர் சரிவுக்குப் போனார். அவருக்கே காய்ச்சல் பிடித்தது. அங்கேதான் சுவரில் ஒரு கொசு விசித்திரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வழக்கமான கொசு சுவருக்கு இணையாக உட்காரும். இது வாலைத் தூக்கிச் சாய்வாக நின்றது. இறக்கையில் புள்ளி. 'புள்ளி இறக்கைக் கொசு' என்று குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டில், திரும்பவும் செகந்திராபாத்தில், புழுவிலிருந்து வளர்த்த சில புள்ளி இறக்கைக் கொசுக்கள் கிடைத்தன. ஹுசேன் கான் என்ற நோயாளி காசு வாங்கிக்கொண்டு கடிக்க விட்டார். ஆகஸ்ட் 20ம் தேதி, அந்தக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில், கருப்பு நிறமித் துகள்களோடு அதுவரை பார்க்காத உயிரணுக்கள். தேடியது அதுதான். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் கொசு நாள் என்கிறோம். ராஸ் எழுதிய கட்டுரை டிசம்பரில் வெளிவந்தது. கொசுவின் பெயர்? அதில் புள்ளி இறக்கை, படகு வடிவ முட்டை என்று வர்ணனைதான் இருந்தது. அனோபிலிஸ் என்ற பெயர் புத்தகத்தில் ஏறி அப்போதே 79 வருஷம் ஆகியிருந்தது.

மறுவருஷம் கல்கத்தாவில் பறவை மலேரியாவைச் சாம்பல் கொசுவில் வைத்து ராஸ் முழுச் சுழற்சியையும் காட்டினார். அதே 1898ல் இத்தாலியில் ஜியோவானி பத்திஸ்தா கிராசி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். அவர் விலங்கியலாளர், பூச்சி அடையாளம் தெரிந்தவர். காய்ச்சல் உள்ள ஊரில் என்ன கொசு, இல்லாத ஊரில் என்ன கொசு என்று ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய் அனோபிலிஸில் நின்றார். 1902ல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போனது. இருவருக்கும் நடந்த சண்டை தனிக் கதை.

நான் ராஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தெரியாத பூச்சியை ஒழுங்காகக் கவனித்து, உட்காரும் விதம், இறக்கை, முட்டை என்று எழுதி வைத்ததால்தான் மற்றவர்கள் அது எது என்று கண்டுகொண்டார்கள். எனக்கு உறுத்துவது இடையில் இருந்த பள்ளம். "ஈ பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கத் தோன்றும் ஒரு வேலையில், மூன்று கொசுவையும் பிரிக்கும் அடையாளம் 1818லேயே அச்சாகியிருந்தது. அந்த ஏட்டுக்கும் செகந்திராபாத் மேசைக்கும் நடுவே பாலம் இல்லை. ராஸின் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் உலகக் கொசுக்களைத் தொகுக்கும் வேலை லண்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கி, 1901லிருந்து தியோபால்டின் தொகுதிகள் வந்தன. இந்திய அனோபிலிஸ் பற்றிக் கிறிஸ்டோபர்ஸ் எழுதிய தொகுதி வர 1933 ஆனது.

போன வாரம் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஒரு பெண் வந்தார். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். "புழு இருந்தா எப்படிங்க தெரியும், எது எந்தக் கொசுன்னு?" என்று கேட்டேன். "தலைகீழா தொங்குனா டெங்குக் கொசுவோ சாக்கடைக் கொசுவோ. தண்ணி மேல படுத்தாப்ல கிடந்தா மலேரியாக் கொசு சார்," என்றார். சென்னை போன்ற ஊர்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி வளர்வது இந்த மாதிரி மாடித் தொட்டியிலும் கிணற்றிலும்தான். எங்கள் தொட்டியில் ஒன்றும் இல்லை. மூடியைச் சரியாகப் போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ராஸுக்கு இரண்டு வருஷம் கிடைக்காத பதில் அவருக்கு அரை நிமிஷத்தில் வந்தது. நீங்களும் இன்றைக்குச் சாயங்காலம் சுவரில் ஒரு கொசுவைப் பார்த்தால், அடிக்கிறதுக்கு முன்னால் ஒரு நொடி அது எப்படி உட்கார்ந்திருக்கு என்று மட்டும் பாருங்க. அப்புறம் அடிச்சுக்கலாம்.